ஹல்லே அநாதைச் சாலையும் தமிழ் ஏடுகளும்

மனிதருக்குச் சரித்திரம் உண்டென்பதை யாவரும் ஒப்புவர். வீடுகளுக்கும் சரித்திரம் உண்டென்பதை நாம் அத்துணை எளிதில் நினைப்பதில்லை. ஒரு வீடு கட்டப்பட்ட நோக்கம் ஒன்றாயிருக்கும். காலம் அதனைக் கொண்டு செய்வித்த காரியம் வேறொன்றாயிருக்கும். ஜேர்மனி தேசத்தின் ஹல்லே நகரத்தில் 1698 ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்ற ஒரு பெருவீடு இவ்வகையைச் சேர்ந்தது. தாய்தந்தையரை இழந்த ஏழைப் பிள்ளைகளுக்கென்று எழுந்த வீடு அது. அப்பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கல்வியும் அளித்த அவ்வீடு, அவ்வளவில் நில்லாது, கடல் பல கடந்து வந்த தமிழ்ப் பனையோலை ஏடுகளுக்கும் புகலிடமாயிற்று.

சென்ற ஆண்டு விடுமுறைக் காலத்தில், ஜேர்மனியில் குடியேறி வாழும் என் தாய்மாமன் வீட்டிற்குச் சென்றிருந்த வேளையில், அவ்வீட்டைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. காலையில் மிஷன் பாடசாலையிலே ஜெபம் கேட்டும், மாலையில் வீட்டிலே திருநீறு அணிந்து தேவாரம் ஓதியும் வளர்ந்தவர் எம்மிடையே பலர்; யானும் அவருள் ஒருவன். மிஷன்மாரிடம் சைவப் பிள்ளைகளாகிய நாம் பெற்றது யாது, இழந்தது யாது என்னும் வழக்கு எம் ஊர்த் திண்ணைகளிலே இன்றும் தீர்ந்தபாடில்லை. அவ்வழக்கிலே ஹல்லே நகரத்து வீடும் ஒரு சாட்சியாகும். அதன் வாய்மொழியை இம்மலரின் வாசகர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உண்டியலில் விழுந்த பணம்

அவ்வீட்டைக் கட்டுவித்தவர் அவுகுஸ்த் ஹெர்மன் பிராங்கே என்னும் போதகர். 1663 ஆம் ஆண்டு லூபெக் நகரிற் பிறந்த இவர், 1692 ஆம் ஆண்டில் ஹல்லே சர்வகலாசாலையிற் கீழைத்தேச மொழிகளைக் கற்பிக்கும் ஆசிரியராகவும், ஹல்லேயின் மதிற்புறத்தே இருந்த கிளவுகா என்னும் ஊரின் போதகராகவும் நியமனம் பெற்றார். கிளவுகா அக்காலத்தில் வறுமை மிகுந்த இடம். சில ஆண்டுகளுக்கு முன் வந்த கொள்ளைநோய் குடும்பங்கள் பலவற்றை அழித்திருந்தது. மதுச்சாலைகள் மலிந்திருந்தன. பிள்ளைகள் எழுத்தறியாது தெருவில் திரிந்தனர். வாரந்தோறும் ஒரு நாள் போதகர் வீட்டு வாயிலிலே பிச்சை கேட்டு நிற்போர் கூட்டத்தில் அப்பிள்ளைகளும் நிற்பர்.

பிராங்கே தம் வீட்டிலே ஏழைகளுக்கென ஓர் உண்டியலை வைத்தார். 1695 ஆம் ஆண்டில் ஒரு பெண்மணி அதில் இட்ட தொகை 4 தாலரும் 16 குரோஷனும் ஆகும். தாலர் என்பது அக்காலத்து வெள்ளி நாணயம். குரோஷன் அதன் சில்லறை. அத்தொகையைக் கண்ட பிராங்கே, இது நல்ல மூலதனம், இதனைக் கொண்டு உருப்படியான ஒரு காரியம் செய்தல் வேண்டும் என்று துணிந்தார். 2 தாலருக்குப் புத்தகங்கள் வாங்கினார். ஏழை மாணவன் ஒருவனைக் கூலிக்கு அமர்த்தி, நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லச் செய்தார். பிள்ளைகளுக்குக் கொடுத்த புத்தகங்கள் 27. அவற்றுள் திரும்பி வந்தவை நான்கே! மற்றவை விற்கப்பட்டனவோ, வீட்டிலேயே கிடந்தனவோ, பிள்ளைகளும் பலர் திரும்பி வரவில்லை. வேறொருவராயின் அன்றே கைவிட்டிருப்பர். அவரோ மீண்டும் புத்தகம் வாங்கினார். இம்முறை பாடம் முடிந்ததும் புத்தகங்களைத் தம்மிடமே வாங்கி வைத்துக்கொண்டார்.

பள்ளிக்கு வந்து போகும் பிள்ளைகள், கற்றதை வீட்டுச் சூழலிலே மறந்துவிடுதலைக் கண்ட அவர், பெற்றோரற்ற பிள்ளைகளைத் தம் பொறுப்பிலேயே வைத்து வளர்க்கத் தலைப்பட்டார். முதலில் அவர்கள் நற்குடும்பங்களில் ஒப்படைக்கப்பட்டனர். பின்னர் ஒரு வீட்டில் ஒருங்கு தங்கினர். அவ்வீடும் போதாமையால் 1698 இல் புதிய மாளிகைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதே ஆண்டு பிராந்தன்பேர்க் நாட்டதிபர், அநாதைச் சாலைக்கு வரிவிலக்கும், மருந்துச்சாலை, அச்சியந்திரசாலை, புத்தகசாலை ஆகியவற்றை நடத்தும் உரிமையும் அளித்துச் சாசனம் வழங்கினார்.

இங்கே இளைஞர்கள் ஊன்றி நோக்கவேண்டிய ஒன்றுண்டு. பிராங்கே நன்கொடையை மட்டும் நம்பி இருந்தாரல்லர். அநாதைச் சாலையின் மருந்துச்சாலையிற் செய்யப்பட்ட ஹல்லே மருந்துகள் உருசியா முதலிய தூரதேசங்கள் வரை விலைபோயின. அச்சியந்திரசாலை புத்தகங்களை அச்சிட்டது. 1710 ஆம் ஆண்டில் கான்ஸ்தைன் பிரபுவின் உதவியோடு தொடங்கிய வேதாகமச் சங்கம், கோத்த எழுத்துகளைக் கலைக்காது வைத்து மீண்டும் மீண்டும் அச்சிடும் முறையினாலே, ஏழைகளும் வாங்கத்தக்க மலிவான விலையில் வேதாகமத்தை விற்றது. வந்த ஊதியம் பிள்ளைகளின் சோற்றுக்கும் படிப்புக்கும் ஆயிற்று. 1727 ஆம் ஆண்டு பிராங்கே இறந்தபோது அவருடைய பள்ளிகளிற் கற்ற பிள்ளைகள் 2,000 க்கு மேற்பட்டோர். அவருள் அநாதைச் சாலையிலேயே வாழ்ந்தோர் ஏறத்தாழ 130 பேர். நான்கு தாலரிலே தொடங்கிய ஒரு தருமம் 32 ஆண்டுகளில் ஒரு சிறு நகரமாகவே வளர்ந்துவிட்டது.

குறையும் சொல்லவேண்டும். அங்கே ஒழுங்கு மிகக் கடுமையானது. பிள்ளைகள் விளையாடுதலை வீண்காலமென்று பிராங்கே விலக்கினார். எழுந்தது முதல் உறங்கும் வரை ஜெபமும் பாடமும் வேலையும் கண்காணிப்புமாகவே பொழுது கழிந்தது. உயர்குடிப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, நகரத்தாருக்கு ஒரு பள்ளி, ஏழைகளுக்கு ஒரு பள்ளி என்ற வேற்றுமையும் இருந்தது. ஆயினும், திறமையுள்ள ஏழைப் பிள்ளை உயர்கல்வி பெற வழி அங்கே திறந்திருந்தது. பெண் பிள்ளைகளுக்கும் கல்வி இருந்தது. அக்காலத்து ஐரோப்பாவில் இவை இரண்டும் அரியன.

வீட்டின் தோற்றம்

லைப்சிக் நகரத்திலிருந்து புகையிரதத்தில் ஏறினால் அரைமணி அளவில் ஹல்லேயை அடையலாம். நகரத்துச் சந்தைச் சதுக்கத்தைக் கடந்து சிறிது நடந்தால், உயர்ந்த தூண்களின் மேல் ஓடும் ஒரு பெருந்தெரு கண்ணை மறைக்கும். ஜேர்மனியின் கிழக்குப் பகுதி கம்யூனிஸ்ட் ஆட்சியின் கீழ் இருந்தபோது போடப்பட்ட தெரு அது. அதற்கு அப்பால் நிற்பதே அநாதைச் சாலையின் முகப்பு. வெண்ணிறச் சுவரும், இருபுறமும் படி ஏறும் வாயிலும் உடைய கம்பீரமான கட்டடம். நெற்றிப் பகுதியிலே இரண்டு கழுகுகள் சூரியனை நோக்கிப் பறப்பது போன்ற சிற்பமும், அதன் கீழே வேதாகம வசனம் ஒன்றும் உள்ளன. ஏழைப் பிள்ளைகளுக்கு இத்துணைப் பெரிய மாளிகை எதற்கு என்று அக்காலத்திற் பலர் பிராங்கேயைக் குறை கூறினராம். வீட்டைப் பார்த்தபோது அக்குற்றச்சாட்டின் காரணமும் விளங்கிற்று. அவர் அதனைப் பொருட்படுத்தாமையின் காரணமும் விளங்கிற்று. அநாதைப் பிள்ளைக்கு ஒதுக்குப்புறக் கொட்டில் போதும் என்று நினையாமை அம்மனிதரின் பெருமை.

உள்ளே நீண்ட முற்றம். அதன் ஒரு புறத்தே ஆறு மாடி உயரமும் நூறு மீற்றருக்கு மேற்பட்ட நீளமும் கொண்ட மரச்சட்டக் கட்டடம் ஒன்று நிற்கிறது. இவ்வகைக் கட்டடங்களுள் ஐரோப்பாவிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றென்று அதனைச் சொல்வர். முற்றத்தின் அந்தத்திலே பிராங்கேயின் வெண்கலச் சிலை. அருகே இரு பிள்ளைகள். சிற்பி ரவுக் அமைத்த அச்சிலை 1829 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது.

1946 ஆம் ஆண்டில் இத்தருமஸ்தாபனம் கலைக்கப்பட்டுக் கட்டடங்கள் சர்வகலாசாலையோடு சேர்க்கப்பட்டன. பராமரிப்பின்றி அவை பெரிதும் சிதைந்தன. ஜேர்மனி மீண்டும் ஒன்றான பின், 1990 களின் தொடக்கத்தில், ஸ்தாபனம் மறுபடியும் நிறுவப்பட்டுக் கட்டடங்கள் ஒவ்வொன்றாகப் புதுக்கப்பட்டன. இன்று அங்கே பள்ளிகள் நடைபெறுகின்றன. முற்றத்திற் பிள்ளைகளின் கூச்சல் ஒலிக்கிறது. விளையாட்டை விலக்கிய போதகரின் சிலையைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடி விளையாடுவதைக் காணுங்கால், காலம் செய்யும் திருத்தம் எத்துணை இனியது என்று தோன்றியது.

மேல்மாடியிலே, கூரையின் கீழ், பழைய பொருட்காட்சி அறை ஒன்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஓவியந் தீட்டி அமைத்த அலுமாரிகளிலே ஏறத்தாழ 3,000 பொருள்கள் அடுக்கப்பட்டுள்ளன. சங்கும் சிப்பியும், கல்லும் கனியும், பிறதேசத்து உடையும் பாத்திரமும் அங்கே உள. முகட்டிலிருந்து ஒரு முதலை தொங்குகிறது! உலகத்தைக் கண்ணாற் கண்டு கற்கவேண்டும் என்று பிள்ளைகளுக்காகச் சேர்க்கத் தொடங்கிய சேகரம் இது. அங்கே ஓர் அலுமாரியின் முன் வந்ததும் என் கால் நின்றுவிட்டது. கண்ணாடிக்குள்ளே பனையோலை. அதிலே எழுத்தாணி கீறிய தமிழ் எழுத்து. புள்ளியில்லாத மெய்யும், இடைவெளியின்றி ஓடும் வரியும். என் பாட்டனார் வீட்டுப் பரணிலே சிவப்புத் துணியிற் கட்டி வைத்திருந்த சோதிட ஏடும் இவ்வாறே இருந்தது. என் அருகே நின்ற ஜேர்மானியர்க்கு அது கீழ்த்திசை விநோதம். எனக்கோ அது வீட்டுப் பொருள்.

தரங்கம்பாடிக்குப் போனவர்

இவ்வேடுகள் இங்கு வந்த கதை வருமாறு. தமிழகத்தின் கீழ்க்கரையிலுள்ள தரங்கம்பாடி அக்காலத்தில் டென்மார்க் நாட்டாரின் வர்த்தகக் கோட்டை. டென்மார்க் அரசன் நான்காம் பிரெடெரிக், அங்கே கிறிஸ்து மதத்தைப் பரப்ப ஆட்களைத் தேடி, ஹல்லேயோடு தொடர்புடைய இருவரை அனுப்பினான். பார்த்தலோமேயு சீகன்பால்க், ஹைன்றிக் புளுட்சோ என்னும் அவ்விருவரும் 1706 ஆம் ஆண்டு யூலை மாதம் 9 ஆந் திகதி தரங்கம்பாடியில் வந்திறங்கினர். சீகன்பால்கிற்கு அப்போது வயது ஏறத்தாழ 24. அவரும் சிறுவயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தவர் என்பது ஈண்டு நினைத்தற்குரியது.

வந்தவர் முதலிற் செய்தது பிரசங்கமன்று, படிப்பு. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலிலே விரலால் அரி எழுதிக் கற்றார். பின் ஏடுகளை வாங்கத் தொடங்கினார். ஆட்களை அனுப்பி, கணவரை இழந்த பிராமணப் பெண்டிரிடமிருந்தும் பிறரிடமிருந்தும் சுவடிகளை விலைக்குப் பெற்றார். 1708 ஆம் ஆண்டில், தாம் சேர்த்த தமிழ் நூல்களுக்கு ஓர் அட்டவணை எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். நூற்றுக்கு மேற்பட்ட நூல்களைக் குறிப்போடு கூறும் அவ்வட்டவணையிலே திருக்குறள் உண்டு, சிவவாக்கியமும் உண்டு. அவ்வாண்டிலேயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி என்னும் மூன்றினையும் ஜேர்மன் மொழியிற் பெயர்த்தார். அரிச்சுவடி முடித்த எம் பிள்ளைகள் வாய்ப்பாடமாக ஓதும் நூல்கள் இவை! இத்தேசத்தார் ஒழுக்கமறியாதவர் என்று எண்ணும் தம் நாட்டார்க்கு, இவர்கள் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது இது என்று காட்டுவதற்கு அவற்றினும் தக்க சான்று வேறு வேண்டியதில்லை.

1708 இன் இறுதியில் தொடங்கி நான்கு மாதம் அளவில் அவர் சிறையில் இருந்தார். அவரைச் சிறையிட்டவர் தமிழரல்லர்; தரங்கம்பாடியை ஆண்ட டேனிஷ் தளபதியே. வர்த்தகமே குறியாகக் கொண்ட கோட்டையாருக்கும், அரசன் அனுப்பிய போதகருக்கும் ஒற்றுமை இருக்கவில்லை. மிஷனும் அந்நிய ஆட்சியும் எக்காலத்தும் ஒரே கையின் இரு விரல்கள் என்று கருதுவோர் இச்செய்தியையும் கணக்கிற் சேர்த்துக்கொள்வாராக.

தமிழ் அச்செழுத்துகள் ஹல்லேயிலே வெட்டி வார்க்கப்பட்டு 1713 ஆம் ஆண்டில் தரங்கம்பாடி வந்து சேர்ந்தன. இதற்கு முன்னரே, 1578 ஆம் ஆண்டில், கொல்லத்தில் தமிழ்ப் புத்தகம் அச்சிடப்பட்டதாயினும், அம்முயற்சி தொடர்ந்து நிலைக்கவில்லை. ஹல்லே எழுத்துகளோ அளவிற் பெரியன. தாளை மிகுதியாகத் தின்றன. ஆதலின் சிறிய எழுத்துகள் தரங்கம்பாடிப் பக்கத்திலேயே வார்க்கப்பட்டன. 1715 இல் தமிழிற் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்தது. மறு ஆண்டு, 1716 இல், இலத்தீன் மொழியில் எழுதிய தமிழ் இலக்கணம் ஒன்று ஹல்லே அநாதைச் சாலையின் அச்சியந்திரத்தில் வெளிவந்தது. அப்பயணத்தில் சீகன்பால்கோடு ஐரோப்பா சென்று துணைநின்றவர் மலையப்பன் என்னும் தமிழர். ஹல்லேயின் தெருக்களில் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு தமிழர் நடந்தார் என்பதைப் புலம்பெயர்ந்து வாழும் எம்மவர் அறிந்திருத்தல் நன்று. 1719 ஆம் ஆண்டு, 36 வயதில், சீகன்பால்க் தரங்கம்பாடியிலே காலமானார்.

அச்சேறிய கடிதங்களும் அச்சேறாத நூலும்

ஹல்லே வீட்டின் நன்மையையும் அதன் குறுக்கத்தையும் ஒருங்கே காட்டுவன இரண்டு நிகழ்ச்சிகள்.

முதலாவது: 1712 முதல் 1714 வரை தரங்கம்பாடி மிஷனரிமார், கற்ற தமிழர் பலருக்கு வினாக்களை அனுப்பி விடை எழுதுவித்தனர். கடவுள் எத்தகையவர்? பாவம் என்பது யாது? திருமணம் எவ்வாறு நடைபெறும்? வைத்தியம் எத்தகையது? பள்ளியில் என்ன கற்பிப்பீர்? எம் சமயத்தை நீர் ஏற்காமைக்குக் காரணம் யாது? இவ்வாறு கேட்டுப் பெற்ற கடிதங்களுள் 99 ஐ ஜேர்மன் மொழியாக்கி 1714 இலும் 1717 இலும் ஹல்லேயில் அச்சிட்டனர். ஐரோப்பிய மொழிகள் அறிந்த அழகப்பன் என்பார் இம்முயற்சிக்கு முதற் கருவியாயிருந்தார். பல கடிதங்கள் அவர் கையாலேயே எழுதப்பட்டன என்று ஆய்வாளர் கருதுவர்.

அக்கடிதங்களிலே எம் முன்னோர் அடங்கிப் பேசவில்லை. கிறிஸ்தவரின் வேதத்தில் நல்லன உள. ஆயினும் அவர்கள் பசுவைக் கொன்று தின்கின்றனர், மது அருந்துகின்றனர், உடற்சுத்தம் பேணுகின்றிலர், ஆதலின் அவர் சமயத்தை எம்மவர் இகழ்கின்றனர் என்ற கருத்தை முகத்துக்கு நேரே எழுதினர். எழுதியது மட்டுமன்று, அது அநாதைச் சாலையின் அச்சிலே ஏறி, ஜேர்மானியப் பக்தர் வீடுகளிலே வாசிக்கப்பட்டது. ஹல்லேயிலிருந்து 1710 முதல் 1772 வரை வெளிவந்த மிஷன் அறிக்கைத் தொகுதிகளுள் அவை இன்றும் உள்ளன. திண்ணைப் பேச்சாக மறைந்திருக்க வேண்டிய சொற்கள், மாற்றாரின் அச்சினால் நிலைபெற்றன.

இரண்டாவது: 1713 ஆம் ஆண்டில் சீகன்பால்க், தமிழ்நாட்டுத் தெய்வங்களின் வரலாற்றை முறைப்படுத்தி ஒரு பெருநூல் எழுதி ஹல்லேக்கு அனுப்பினார். சிவபெருமான், திருமால், அம்மன், ஐயனார் முதலிய தெய்வங்களையும், கோயில்களையும் விழாக்களையும், ஏடுகளிற் படித்தும் மக்களிடம் கேட்டும் எழுதிய நூல் அது. மதமாற்றுவதே அவர் நோக்கம், எம் சமயத்தைப் பொய்யென்றே அவர் நம்பினார், அதனை மறைத்தாருமல்லர். ஆயினும், இழிவு கூறுவதற்கு முன் உள்ளவாறு அறிதல் வேண்டும் என்ற நேர்மை அவரிடம் இருந்தது. நூலைக் கண்ட பிராங்கே அதனை அச்சிட மறுத்தார். அஞ்ஞானத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர், அஞ்ஞானக் கதைகளை ஐரோப்பாவில் விதைப்பது தகாது என்பது அவர் கொண்ட முடிவு. நான்கு தாலரிலே ஒரு பெருந்தருமத்தைக் கண்ட கண், இந்நூலிலே ஒரு மக்கட்கூட்டத்தின் உள்ளத்தைக் காணவில்லை.

ஆனால் அந்நூல் அழிக்கப்படவில்லை. கையெழுத்தாகவே கிடந்து, 1867 ஆம் ஆண்டில், எழுதப்பட்டு 154 ஆண்டுகளுக்குப் பின், சென்னையிலே ஜேர்மானியப் போதகர் கேர்மன் என்பவரால் பதிப்பிக்கப்பட்டது. 2003 ஆம் ஆண்டில் அதன் மூல உருவத்தைத் தமிழ் அறிஞர் தானியேல் ஜெயராஜ் ஆராய்ந்து ஹல்லேயிலேயே வெளியிட்டார். எந்த வீடு அதனை அச்சேற்ற மறுத்ததோ, அந்த வீட்டின் பதிப்பாகவே அது வந்தது! முன்னர்க் கூறிய நீதிநூல் மொழிபெயர்ப்புகளும் 1930 ஆம் ஆண்டில் ஒல்லாந்தப் பேராசிரியர் கலாந்து வாயிலாக அச்சாயின. பிராங்கேயின் தீர்ப்பு மாறிற்று. அது மாறுதற்கு இடங்கொடுத்தது எது? நூல் இருந்தமையே. எரித்திருந்தால் மாற்றுதற்கு ஒன்றும் இருந்திராது.

எம் நாட்டின் நினைவுகள்

ஹல்லே வீட்டாரின் காற்சுவடு எம் மண்ணிலும் பட்டதுண்டு. தஞ்சையிற் புகழ்பெற்ற சுவார்ட்ஸ் போதகர், ஹல்லேயிற் கற்று 1750 இல் தரங்கம்பாடி வந்தவர், 1760 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்த இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தையும் கண்டு சென்றார். ஆனால் யான் கூறக் கருதியது அதனினும் நெருங்கியது.

மிஷன் கல்வியைப் பெற்று, அதனைக் கொண்டே தம் மொழிக்கும் சமயத்துக்கும் ஆக்கம் தேடியவர் எம் முன்னோருட் பலர். ஆறுமுக நாவலர் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர்; 1848 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, அச்சியந்திரமும் வரவழைத்து, மிஷன்மார் கையாண்ட கருவிகளையே சைவத்துக்கு ஆக்கினார். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்றவர். செல்லரித்தும் முரிந்தும் அழிந்துகொண்டிருந்த ஏடுகளைத் தேடியெடுத்து, 1887 இற் கலித்தொகையை அச்சேற்றினார். பாதிரிமார் நமக்காக ஏடு காப்பார் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. பாதிரிமாரிடம் கற்றோம் என்று நாணவுமில்லை.

அவர்கள் வழிவந்த எமக்கு நேர்ந்தது யாது? 1981 ஆம் ஆண்டு மே மாதம் 31 ஆந் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றோடு மீண்டும் பெறவியலாத ஓலைச் சுவடிகளும் போயின. கட்டடம் பின்னர்ப் புதுக்கப்பட்டது. அலுமாரிகள் மீண்டும் நிரம்பின. ஆனால் ஒரே பிரதியாய் இருந்த ஏட்டுக்கு மறுபிறப்பு இல்லை. அந்நூலகத்தின் எரிந்த சுவர்களைப் பற்றி வீட்டுப் பெரியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் யான். ஹல்லேயிலே, குளிரும் ஈரமும் அணுகாத அலுமாரியிலே, முந்நூறு ஆண்டுகள் கழிந்தும் ஓலை முரியாது இருப்பதைக் கண்டபோது, நன்றியும் நாணமும் துக்கமும் ஒருங்கே எழுந்தன. எம்முடைய ஏடு பிறர் வீட்டில் வளர்ப்புப் பிள்ளையாய் வாழ்கிறது. எம் வீட்டில் இருந்தவை பல மாண்டுவிட்டன.

நம் கடன்

ஆகவே திண்ணை வழக்குக்கு ஹல்லே வீடு கூறும் சாட்சி இரு பக்கமும் சாய்வதாகும். மதமாற்றத்தை நாடி வந்தவர்கள் எம் சமயத்தை இருளென்று எண்ணினர். அந்த எண்ணத்தை நாம் ஏற்கவேண்டியதில்லை. அவர்களே எம் நூல்களை விலைகொடுத்து வாங்கி, எண்ணி, பெயரெழுதி, பேணி வைத்தனர். அந்நன்றியை மறத்தலும் தகாது. நோக்கம் அவர்களோடு போயிற்று. பேணிய பொருள் எஞ்சி நிற்கிறது. ஒன்றைப் பேணுபவனுக்கு அதன் முழுப் பயனும் தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை. அழியாமற் காப்பானாயின், பயனைப் பின்வருவோர் கண்டுகொள்வர்.

அநாதை என்பது பெற்றோரற்ற பிள்ளைக்கு மாத்திரம் உரிய பெயரன்று. வாசிப்பாரற்ற ஏடும் அநாதையே. போரினாலும் இடப்பெயர்வினாலும் எம் ஊர்களிலே பெட்டிகளும் பரண்களும் கைமாறின. கோயிற் கணக்கேடு, வைத்திய ஏடு, சோதிட ஏடு, பழைய பஞ்சாங்கம், சென்ற தலைமுறையார் நடத்திய சிறு பத்திரிகை, சங்கங்களின் அறிக்கைப் புத்தகம், பாட்டனார் வெளிநாட்டிலிருந்து எழுதிய கடிதம் என்றிவை எத்தனையோ வீடுகளில் இன்றும் கறையானுக்கு இரையாகின்றன. அவற்றைக் காப்பதற்கு மாளிகை வேண்டியதில்லை; நான்கு தாலரளவு முதலும், நாள்தோறும் இரண்டு மணி நேரம் உழைக்கும் ஒரு மாணவனும் போதும் என்பதை 1695 ஆம் ஆண்டு காட்டிற்று.

எம் சங்கத்து இளைஞர்கள் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலும் ஊர்க்கோயிலிலும் உள்ள ஏடுகளையும் பழைய தாள்களையும் எண்ணி, சீகன்பால்க் செய்தது போல ஓர் அட்டவணை எழுதுவாராக. பெயர், அளவு, யாருடையது, எங்கே உள்ளது என்ற நான்கு குறிப்புப் போதும். கையிலுள்ள தொலைபேசியினாலேயே அவற்றைப் படம்பிடித்து, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிற் சேமிக்கலாம். ஒரே பிரதி ஒரே கூரையின் கீழ் இருத்தலின் ஆபத்தை 1981 நமக்குக் கற்பித்துவிட்டது. ஏட்டெழுத்தை வாசிக்கவல்ல பெரியோர் எம்மிடையே மிகச் சிலரே எஞ்சியுள்ளனர். அப்பெரியோர், தாம் கற்றதை வாரத்தில் ஒரு மாலையேனும் இளைஞர்களுக்குக் கற்பிக்க இசைவார்களாயின், அது எந்தத் தருமத்திற்கும் குறையாத தருமமாகும். கொடுத்த 27 புத்தகங்களில் நான்கே திரும்பினும் சோராத ஒருவர் தேவை. அத்தகையோர் சிலரேனும் எம் சங்கத்தினின்றும் தோன்றுவாராக.